அம்மா எங்கே பார்க்கிறாள்?

1915இல் நியூயார்க்கில், போலந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கண்புரையோடு பிறந்ததால் அதற்குப் பார்வை இல்லை. இரண்டு வயதில் அறுவை சிகிச்சை செய்த பிறகுதான் கண் தெரிந்தது. மற்றக் குழந்தைகள் தாயின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொள்கிற காலம் அது. அந்த இரண்டு வருடமும் இந்தக் குழந்தைக்குக் குரலும் தொடுகையும்தான் வழி.

அந்தக் குழந்தைதான் ஜெரோம் புரூனர். பின்னாளில் உளவியலின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவர். 1972இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேரப் போனபோது, தன் பாய்மரப் படகிலேயே அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய் இறங்கினார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று, ஒரு கைக்குழந்தை அடுத்தவர் பார்வையைப் பின்தொடர எப்போது ஆரம்பிக்கிறது என்று கண்டறிவது. கண்புரைக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் இந்த அத்தியாயத்தை எழுதிய நாட்கள் முழுக்க அந்த இரண்டு வருட இருட்டு என் மனதை விட்டுப் போகவில்லை.

மைக்கேல் ஸ்கேஃப் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து புரூனர் செய்த சோதனையை யார் வீட்டிலும் செய்து பார்க்கலாம். சோதனையாளர் குழந்தைக்கு எதிரே உட்காருவார். குழந்தையின் கண்ணைப் பார்ப்பார். அது தன் கண்ணைப் பார்த்ததும், சத்தமே இல்லாமல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஏழு விநாடி அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார். கையை நீட்டமாட்டார், பேசமாட்டார். குழந்தைக்குத் தெரிகிற மாதிரி அந்தப் பக்கம் வேடிக்கை எதுவும் கிடையாது. பிறகு மறுபக்கம் ஒருமுறை. அவ்வளவுதான். இரண்டு மாதம் முதல் பதினான்கு மாதம் வரையிலான 34 குழந்தைகள். இரண்டிலிருந்து நான்கு மாதக் குழந்தைகளில் பத்துக்கு மூன்று பேர் ஒருமுறையாவது கூடவே திரும்பினார்கள். பதினோரு மாதம் தாண்டியவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் திரும்பினார்கள். 1975இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மிகச் சிறியது.

அந்தச் சின்னக் கட்டுரை பெரிய ஓர் எண்ணத்தோடு மோதியது. குழந்தை உளவியலில் அன்றைக்குப் பெரிய பெயர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. சிறு குழந்தை தன் இடத்தில் நின்றுதான் உலகத்தைப் பார்க்கும், இன்னொருவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க அதற்குப் பல வருடம் பிடிக்கும் என்பது அவர் வாதம். ஆனால் புரூனரின் குழந்தைகள், பேச்சே வராத வயதில், எதிரில் இருப்பவர் திரும்பிய பக்கம் திரும்பினார்கள். அங்கே என்னவோ இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தது போல. இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்ப்பதும், தாங்கள் சேர்ந்து பார்க்கிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருப்பதும்தான் உளவியலாளர்கள் கூட்டுக் கவனம் என்று அழைப்பது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தாய் தினமும் செய்வதும் இதைத்தான். குழந்தை முதலில் அவள் விரலைப் பார்க்கும். பிறகு ஒரு நாள் விரலை விட்டுவிட்டு நிலாவைப் பார்க்கும்.

குழந்தைக்குப் பேச்சு வராது. கேள்வி புரியாது. அதனிடம் எப்படித்தான் கேள்வி கேட்பது? அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1950களின் பிற்பாதியில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மேலே இரண்டு படங்கள், கீழே மல்லாந்து கிடக்கும் குழந்தை, நடுவில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டை வழியே எட்டிப் பார்த்தால் குழந்தையின் கருவிழியில் எந்தப் படம் நிழலாடுகிறது என்று தெரியும். எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளலாம். வெறும் வண்ணத்தைவிடக் கோலமும் கோடுமாக இருப்பதைக் குழந்தை அதிக நேரம் பார்த்தது. ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டினால் சலித்துப்போய்ப் பார்வையை எடுத்துவிடும் என்பதையும் அவர் பின்னால் காட்டினார். சலிப்புத் தட்டிய குழந்தை மறுபடி நிமிர்ந்து பார்த்தால், ஏதோ மாறிவிட்டது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். இன்றைக்கு ஓட்டைக்குப் பதிலாகக் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவிகள் வந்துவிட்டன. கேட்கும் முறை மட்டும் அதேதான். நாம் படத்தால் கேட்கிறோம், அது கண்ணால் சொல்கிறது.

அப்படிக் கேட்டதில் கிடைத்த பதில்களில் ஒன்று, பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத சிசுக்களிடமிருந்து வந்தது. இத்தாலியில் தெரேசா ஃபரோனியும் கூட்டாளிகளும் சிசுக்களுக்கு ஒரே பெண்ணின் இரண்டு முகங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டினார்கள். ஒன்றில் அவள் நேரே பார்க்கிறாள். இன்னொன்றில் பார்வை ஓரமாகப் போகிறது. நேரே பார்க்கும் முகத்தையே சிசுக்கள் அதிக நேரம் பார்த்தன. 2002இல் வந்த முடிவு இது. சிசுவின் கண்ணுக்கு அந்த வயதில் எல்லாமே மங்கல். அந்த மங்கலிலும் தன்னைப் பார்க்கும் கண் எது என்று அது தேடிக்கொள்கிறது. பேருந்தில் முன் இருக்கைத் தாயின் தோள்மேலிருந்து நம்மையே வைத்த கண் வாங்காமல் பார்க்கும் குழந்தை, பிறந்த வாரத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

இதற்கு மனிதக் கண்ணின் அமைப்பும் உதவுகிறது. கருவிழியைச் சுற்றி நமக்கு இருப்பதுபோல அகலமான, பளிச்சென்ற வெள்ளை மற்றக் குரங்கினங்களுக்குப் பொதுவாக இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் 1997இல் பலவகைக் குரங்கினங்களின் கண்களை ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். நாம் எங்கே பார்க்கிறோம் என்பது தூரத்திலிருந்தே அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் கண் திரும்பிய பக்கம் திரும்புவது வேறு, கண் என்றால் பார்ப்பது என்று புரிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குழந்தை எப்படித் தாண்டுகிறது? அமெரிக்காவின் சியாட்டலில் ரெஷல் ப்ரூக்ஸும் ஆண்ட்ரூ மெல்ட்சாஃபும் இதைப் படிப்படியாகத் துலக்கினார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்புகிறாள். ஒன்பது மாதக் குழந்தை அவளோடு சேர்ந்து திரும்பிவிடும். கண் மூடியிருப்பதை அது பொருட்படுத்துவதில்லை. பத்து மாதமானால் நிலைமை மாறுகிறது. கண் திறந்திருந்தால்தான் அந்தக் குழந்தை திரும்பும். ஒரே மாத வித்தியாசம்.

கண்ணில் துணி கட்டியிருந்தால்? அதில் ஒரு வயதுக் குழந்தையும் ஏமாறும். இமை மூடினால் தெரியாது என்பது அதற்குச் சொந்த அனுபவம். துணி கட்டினால் தெரியாது என்பது யாரும் சொல்லாத விஷயம். அதனால் மெல்ட்சாஃபும் ப்ரூக்ஸும் அந்த அனுபவத்தைக் குழந்தைக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மேசையில் ஒரு பொம்மை. குழந்தை அதைப் பார்த்ததும் கறுப்புத் துணியைக் கண் முன்னே பிடிப்பார்கள். பொம்மை மறையும். துணியை எடுத்தால் பொம்மை வரும். இப்படிக் கொஞ்ச நேரம் விளையாட்டு. அதன் பிறகு ஒரு பெரியவர் அதே துணியைத் தன் கண்ணில் கட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால், குழந்தை கூடத் திரும்புவதில்லை. பதினெட்டு மாதக் குழந்தைகளிடம் இதையே தலைகீழாகச் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அடர்த்தியான துணி, கண்ணருகே வைத்தால் ஊடுருவித் தெரியும். அந்தத் துணியோடு விளையாடிய குழந்தைகள், அதைக் கண்ணில் கட்டியவர் திரும்பியபோது கூடவே திரும்பினார்கள். அவருக்குத் தெரிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். தன் கண்ணுக்கு நேர்ந்ததை வைத்து அடுத்தவர் கண்ணை அறிகிற இந்தச் சோதனை 2008இல் வெளியானது. குழந்தைகளைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நேர்த்தியான சோதனை வேறில்லை.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்திலிருந்து இரண்டு உளவியலாளர்கள் இன்னொரு கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் ஜியோர்ஜி கெர்கெய், இன்னொருவர் கெர்கெய் சிப்ரா. பெரியவர் செய்வதையெல்லாம் குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மூக்கைச் சொறிகிறார், வாசலைப் பார்க்கிறார், கரண்டியை எடுக்கிறார். இதில் எது தனக்கான பாடம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அவர்கள் சொன்ன பதில்: பெரியவர் அறிவித்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறார். முதலில் கண்ணைப் பார்க்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். குரலைக் குழைத்து, ஏற்றி இறக்கி, "யாரு வந்திருக்கா பாரு, என் தங்கமில்ல" என்கிறார். இது உனக்குத்தான் என்ற முன்னறிவிப்பு அது. அதைக் கண்டதும் குழந்தை பாடம் கேட்கத் தயாராகிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. இயல்பான கற்பித்தல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

லண்டனில் அத்சுஷி செஞ்சுவும் சிப்ராவும் ஆறு மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். திரையில் ஒரு பெண், இரண்டு பக்கமும் இரண்டு பொம்மைகள். அவள் நிமிர்ந்து குழந்தையைப் பார்த்துவிட்டு ஒரு பொம்மைப் பக்கம் திரும்பினால், குழந்தையும் அதைப் பார்த்தது. அவள் பார்க்காமல், கவனத்தை இழுக்க ஓர் அசையும் படம் மட்டும் வந்துபோய்விட்டு அவள் திரும்பினால், குழந்தை பின்தொடரவில்லை. கொஞ்சு குரலில் வணக்கம் சொன்னால் பின்தொடர்ந்தது. பெரியவர்களிடம் பேசும் குரலில் சொன்னால் இல்லை.

இனி விளக்குக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். குழந்தையின் மூளைக்குள் எதைப் பார்க்கிறோம், எதை நாமே போட்டுப் பார்க்கிறோம் என்ற சிக்கல் முழுக்க இதில் இருக்கிறது.

1988இல் மெல்ட்சாஃப், பதினான்கு மாதக் குழந்தைகளுக்கு ஒரு விசித்திரமான செயலைக் காட்டினார். ஒரு பெட்டி. குனிந்து அதன்மேல் நெற்றியால் முட்டினால் உள்ளே விளக்கு எரியும். குழந்தையைத் தொடவிடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பெட்டியை முன்னால் வைத்தார். மூன்றில் இரண்டு குழந்தைகள் நெற்றியால் முட்டின. அந்தச் செயலைப் பார்க்காத குழந்தைகளில் ஒன்றுகூட அப்படிச் செய்யவில்லை.

கெர்கெய், ஹரோல்ட் பெக்கரிங், இல்திகோ கிராய் மூவரும் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பெரியவர் குளிர்வதுபோல நடித்துப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறார். ஒரு பிரிவுக் குழந்தைகள் முன்னால், இரண்டு கையாலும் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நெற்றியால் விளக்கை முட்டுகிறார். இன்னொரு பிரிவின் முன்னால், கைகளை எடுத்து மேசைமேல் சும்மா வைத்துவிட்டு முட்டுகிறார். ஒரு வாரம் கழித்து, கை சும்மா இருந்ததைப் பார்த்த குழந்தைகளில் 69 சதவீதம் நெற்றியால் முட்டின. கை போர்வையில் மாட்டியிருந்ததைப் பார்த்தவற்றில் 21 சதவீதம்தான். மீதிக் குழந்தைகள் கையாலேயே தட்டி விளக்கை எரித்துவிட்டன. 2002இல் வந்த இந்தக் கட்டுரை உளவியல் உலகைக் கிறங்கடித்தது. குழந்தை இப்படி யோசிப்பதாக விளக்கினார்கள்: கை மாட்டிக்கொண்டதால் அவர் நெற்றியைப் பயன்படுத்தினார், என் கை காலியாகத்தானே இருக்கிறது, நான் ஏன் முட்டவேண்டும்? கை காலியாக இருந்தும் ஒருவர் நெற்றியால் முட்டினார் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்கவேண்டும், அப்படியே செய்வோம்.

அழகான விளக்கம். படிக்கும்போது குழந்தைமேல் நமக்கு மரியாதை கூடுகிறது. அழகாக இருப்பதாலேயே அதை நம்பிவிடக்கூடாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவரான பெக்கரிங்கேதான். 2011இல் நெதர்லாந்தில் மார்குஸ் பவுலுஸ் முதலானவர்களோடு சேர்ந்து அவர் வேறொரு விளக்கம் தந்தார். பதினான்கு மாதக் குழந்தை குனிந்து நெற்றியால் முட்டவேண்டுமென்றால் கைகளை மேசையில் ஊன்றித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் முகம் குப்புற விழும். கைகளை மேசையில் வைத்து முட்டியவரின் செயல், குழந்தையின் உடம்பு செய்யக்கூடிய செயலோடு பொருந்துகிறது. போர்வைக்குள் கையை வைத்து முட்டியவரின் செயல் பொருந்தவில்லை. பொருந்துவதைக் குழந்தை செய்கிறது, அதற்குக் காரணகாரிய யோசனை வேண்டியதில்லை. அடுத்த வருடம் ஜெர்மனியில் மிரியம் பைசெர்ட்டும் கூட்டாளிகளும் மூன்றாவது விளக்கத்தோடு வந்தார்கள். போர்வை போர்த்திய மனிதரே குழந்தைக்கு ஒரு வேடிக்கை, அதைப் பார்ப்பதில் செயலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்றார்கள். போர்வையை முன்கூட்டியே பார்த்துப் பழகவிட்டபோது, கை மாட்டியிருந்தாலும் குழந்தைகள் நெற்றியால் முட்டின.

புடாபெஸ்ட் குழுவும் சும்மா இருக்கவில்லை. பெரியவர் குழந்தையைப் பார்த்துப் பேசிவிட்டுச் செய்தால்தான் அந்த 69க்கும் 21க்கும் இடையிலான வேறுபாடு வருகிறது, அவர் பாட்டுக்குச் செய்வதைக் குழந்தை ஓரமாகப் பார்த்தால் வருவதில்லை என்று 2013இல் காட்டினார்கள். உடம்புப் பொருத்தம் மட்டுமே காரணமென்றால் பேச்சு ஏன் முடிவை மாற்றவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், குழந்தை காரணம் தேடுகிறது என்ற முதல் விளக்கத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். சில மாதமாகத்தான் நிற்கவும் உட்காரவும் சமநிலை பழகிய ஓர் உடம்பு, விழாமல் இருக்கும் கவலையை ஒதுக்கிவிட்டு எதையும் கற்காது. ஆனால் அந்தப் பேச்சு, அந்த நேர்ப்பார்வை, அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

முன்னறிவிப்புக் கருத்துக்கும் எதிர்ப்பு வந்தது. 2014இல் ஒரு குழு, பெரியவர் குழந்தையைப் பார்க்கவேண்டியதே இல்லை, உடம்பைச் சிலிர்த்து நடுங்கிக் காட்டினாலே போதும், ஆறு மாதக் குழந்தை அவர் திரும்பும் பக்கம் திரும்பிவிடுகிறது என்று காட்டியது. கவனத்தை இழுத்தால் போதும், அழைப்பு வேண்டாம் என்று ஆகிறது. ஆனால் பின்னால் பசிபிக் கடலின் வனுவாட்டு தீவுகளுக்குப் போன மிக்கோவாய் ஹெர்னிக்கும் தான்யா ப்ரோஷும் வேறு முடிவோடு திரும்பினார்கள். அங்கே தாய்மார் மேல்நாட்டவர்போலக் குழந்தையோடு முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவது குறைவு. அப்படி வளரும் ஐந்திலிருந்து ஏழு மாதக் குழந்தைகளும் கொஞ்சு குரல் கேட்ட பிறகுதான் பார்வையைப் பின்தொடர்ந்தன. பெரியவர்கள் பேச்சுக்குப் பிறகு பின்தொடரவில்லை. 2019இல் வந்த ஆய்வு இது. பெரும்பாலும் மேல்நாட்டுக் குழந்தைகளை வைத்தே உலகக் குழந்தைகளைப் பேசிவந்த துறைக்கு இப்படிப்பட்ட பயணங்கள் இன்னும் நிறைய வேண்டும்.

சியாட்டலில் பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே வைக்கவேண்டும். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு, சீனாவின் மாண்டரின் மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து கதை வாசித்தார்கள், பொம்மை காட்டி விளையாடினார்கள். நான்கு வாரத்தில் பன்னிரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 25 நிமிடம். ஆங்கிலத்தில் இல்லாத மாண்டரின் ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே நேரம், ஆனால் தொலைக்காட்சித் திரையில். அவர்கள் எதையும் கற்கவில்லை. திரையைப் பார்க்காமலும் இல்லை. பார்த்தது பாடமாகவில்லை. திரையில் இருப்பவர் குழந்தையின் கண் போகும் இடத்துக்குத் தன் கண்ணை நகர்த்த முடியாது. குழந்தை புத்தகத்தைப் பிடித்து இழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதுவரை சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றில் பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து தலையைத் திருப்பினார். வீட்டில் அப்படியா நடக்கிறது? இந்தியானா பல்கலைக்கழகத்தில் சென் யூவும் லிண்டா ஸ்மித்தும் ஒரு வயதுக் குழந்தையின் தலையிலும் தாய் அல்லது தந்தையின் தலையிலும் கண்ணசைவுக் கருவியைப் பொருத்தி, மேசையில் பொம்மைகளை வைத்து, இஷ்டம்போல் விளையாடச் சொன்னார்கள். குழந்தையின் கண் வழியாகவே விளையாட்டு எப்படித் தெரிகிறது என்று பதிவானது. எதிர்பாராத விஷயம், விளையாட்டின்போது குழந்தை பெற்றோரின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். அது பார்ப்பது கையை. அம்மாவின் கை எந்தப் பொம்மைமேல் போகிறதோ அங்கே குழந்தையின் கண் போகிறது. அவள் கண் பெரும்பாலும் தன் கை இருக்கும் இடத்திலேயே இருப்பதால், கையைப் பின்தொடர்ந்தே குழந்தை அவள் பார்வையைச் சென்று சேர்கிறது. கண்ணைப் பின்தொடரும் திறமை பொய்யென்று இதற்குப் பொருள் இல்லை. பொம்மைகளுக்கு நடுவே அதைவிட நிச்சயமான வழி அதற்குக் கிடைத்திருக்கிறது. புரூனருக்கு முதல் இரண்டு வருடத்தில் கிடைத்ததும் கைகள்தான்.

2016இல் அவர்கள் அதே வகைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தேடினார்கள். ஒரு பொம்மையில் குழந்தையின் கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது? கவனம் நிற்பது குழந்தையின் சொந்தக் குணம், சில குழந்தைக்கு அது உண்டு, சிலதுக்கு இல்லை என்று நாம் பேசிக்கொள்கிறோம். பதிவுகள் வேறு கதை சொல்லின. குழந்தை ஒரு பொம்மையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாயோ தந்தையோ அதே பொம்மையைப் பார்த்தால், குழந்தையின் பார்வை அதில் கூடுதல் நேரம் தங்கியது. பெற்றோர் பார்க்காத பொம்மைகளிலிருந்து அது சீக்கிரமே விலகியது. இன்னும் நுணுக்கமாக எண்ணிப் பார்த்தார்கள். அம்மா சில விநாடி அந்தப் பொம்மையைப் பார்க்கிறாள். பிறகு வேறெங்கோ பார்க்கத் திரும்பிவிடுகிறாள். அவள் கண் நகர்ந்த பிறகும் குழந்தையின் கண் அந்தப் பொம்மையிலேயே இருந்தது.